கண் தெரியாத போனும் முப்பத்தாறு பேரும்

என் போனில் பச்சைக் கோடு விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முந்தின நாள் படுக்கப் போகும்போது, அப்டேட் வந்திருக்கிறது, போடட்டுமா என்று போன் மரியாதையாகத்தான் கேட்டது. நானும் போட்டுக்கொள் என்று அழுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்து எடுத்துப் பார்த்தால் திரையின் நட்டநடுவில், உச்சியிலிருந்து அடி வரை, நூல் பிடித்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு. நல்ல நாற்றுப் பச்சை. முந்தானையால் துடைத்தேன், போகவில்லை. அணைத்து உயிர்ப்பித்தேன், அப்போதும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"கீழ போட்டியா?"

"நான் எதுக்குக் கீழ போடுறேன்? பச்சப் புள்ளைய வச்சிருக்கிற மாதிரி வச்சிருக்கேன்."

"அப்பத் தண்ணில விட்டிருப்ப."

"விடுறதுக்கு இந்த ஊர்ல தண்ணி எங்கன இருக்கு?"

அவர் தன்னுடைய பட்டன் போனை இடுப்பிலிருந்து எடுத்து என் கண்முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் ஏன் அந்தப் போனுக்காக அவ்வளவு பதறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் வருகிற ஊர் எங்கள் ஊர். அப்போது எங்கள் ஊர் நூறு நாள் வேலைக்கு நான்தான் மேட். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தோம். முப்பத்தாறு பேர், அத்தனை பேரும் பெண்கள். யார் வந்தார்கள் என்று பார்ப்பது, அளவு பிரித்துக் கொடுப்பது, எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவது, இதெல்லாம் என் வேலை. காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம். படம் ஏறினால்தான் அவர்கள் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. ஏறாவிட்டால் வெயிலில் வெட்டிச் சுமந்த மண் தர்மத்துக்குச் சுமந்த மண்தான்.

மேட் ஆக வேண்டுமானால் சொந்தமாக நல்ல போன் வேண்டும். அந்த ஆப்பும் பதிவு செய்த ஒரே போனில்தான் திறக்கும். போனை மாற்றினால் ஒன்றிய ஆபீசில் எழுதிக் கொடுத்து, மறுபடி பதிவாகி வருகிற வரைக்கும் வேறு ஒருத்தியை மேட்டாகப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பாளா? நானாக இருந்தால் எழுந்திருப்பேனா? பன்னிரண்டாவது முடித்து இருபது வருடம் ஆட்டுக்குக் குழை ஒடித்ததைத் தவிர என் படிப்பு எதற்கும் உதவவில்லை. மார்க் ஷீட்டையும் ரேஷன் கார்டையும் தவிர என் பெயர் அச்சடித்து வந்த முதல் காகிதம் மேட் உத்தரவுதான். அதை மடித்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆகவே போன் போனால் மேட் போகும், மேட் போனால் நான் பழையபடி ஆட்டுக்காரி.

அன்றைக்கு யாருக்கும் திரையைக் காட்டாமல் இரண்டு படத்தையும் ஏற்றிவிட்டு, கை கால்கூடக் கழுவாமல் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏசி ஊதிக்கொண்டிருந்தது. டோக்கன் கொடுத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் என் போனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"டிஸ்ப்ளே போயிருச்சு மேடம். முழுசா மாத்தணும்."

"மாத்திக் குடும்மா. பில்லு, டப்பா, எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

பில்லைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "வாரன்டி முடிஞ்சு பத்தொன்பது நாள் ஆகுது மேடம்," என்றாள். பிறகு புதுத் திரைக்கு ஒரு விலை சொன்னாள். நான் அந்தப் போனை வாங்கினதில் பாதி.

"ஏம்மா, ஒரு வருசம் முடிஞ்சு பத்தொம்பதாம் நாள் சாகணும்னு இதுக்கு யாரு நாள் குறிச்சுக் குடுத்தது?"

அவள் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடிபட்டிருக்கிறதா, தண்ணீர் போயிருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு கீறல்கூட இல்ல. நல்லா வச்சிருக்கீங்க மேடம்," என்றாள். அந்தப் பாராட்டில்தான் எனக்குச் சாமி வந்தது.

"நல்லா வச்சிருக்கேன்னு நீயே சொல்லுற. அப்பக் கெடுத்தது யாரு? அப்டேட்டு அனுப்புனது நீங்க. சாயந்தரம் வரைக்கும் நல்லா இருந்தது, உங்க அப்டேட்டு உள்ள போகவும் கோடு விழுந்திருச்சு. வெதை நெல்லு மொளைக்கலன்னா வெதைக்கடைக்காரன்கூட வந்து வயலப் பாத்துட்டுப் போறான். நீங்க என்னடான்னா காசக் குடு, மாத்தித் தாரேன்றீங்க."

"கம்பெனி ரூல்ஸ் மேடம்."

டோக்கன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அய்யா என்னைச் சொல்லாத நாள் கிடையாது. ஆனால் ஒன்று, ஆத்திரம் வந்தால் எனக்குக் கையெழுத்து அழகாக வரும். இரண்டு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று முன்னும் பின்னும் எழுதினேன். நாளும் கிழமையும் போட்டு, எதுவும் விடாமல். அந்தப் பெண் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இந்த மாடலுக்கு இதே மாதிரி நெறையப் பேரு வாராங்க மேடம். நான் மேல அனுப்பி விடுறேன்," என்றாள். மேல என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. வெறும் கையோடு, கோட்டோடு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் ஆரம்பித்தது அடுத்த கூத்து. படம் எடுத்ததும் எல்லோரும் ஓடி வந்து தங்கள் மூஞ்சி எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். அன்றைக்கு முதலில் வந்து எட்டிப் பார்த்தது என் வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்ததில் கோடு சரியாக அவர் நெற்றியில் இறங்கி மூக்கு வழியாகத் தாடைக்குப் போயிருந்தது.

"ஏத்தா, இதென்ன என் மூஞ்சில கோடு கிழிச்சிருக்கு?"

"போன்ல கோளாறு அண்ணி. படத்துல விழுகாது."

"பச்சையில கிழிச்சிருக்கே."

அந்தப் பச்சை என்ற சொல் அந்தக் கரையில் என்ன செய்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். ஆன்லைன் வருவதற்கு முன்னால் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று அலைந்த ஊர் எங்கள் ஊர். ஊதா மையில் யார் கையெழுத்துப் போட்டாலும் அது பாதிக் காரியம்தான். பச்சை மை விழுந்தால்தான் முடிந்தது. பச்சை மை பெரிய ஆபீசர் மை. வருகைப் பதிவேட்டில் பெயர் மேல் கோடு கிழித்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்க முப்பத்தாறு பேருக்கும் ஒரு நிமிடம் ஆகவில்லை.

"பெரிய ஆபீசரு அடிச்சிருக்காரு," என்றாள் ஒருத்தி.

"அவரு எப்புடி என் போனுக்குள்ள வந்து அடிப்பாரு?" என்று கத்தினேன்.

"எப்புடி வந்தாரோ. கோடு இருக்கா இல்லையா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். இன்னொருத்தியின் போனுக்கு ஒரு படத்தை அனுப்பி, பார், இதில் கோடு இல்லை என்று காட்டினேன். அது அந்தப் போனில் இல்லை, ஆபீசில் என்ன தெரிகிறதோ யார் கண்டது என்றார்கள். மத்தியானப் படத்துக்கு ஒருத்திகூட நடுவில் நிற்கவில்லை. கோடு விழுகிற இடம் தெரிந்ததும் ஆளை ஆள் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார்கள். கல்லில் நார் உரிப்பதுகூட எளிது, பயந்தவளை நிறுத்துவது எளிதில்லை. கடைசியில் நானே அலுத்துப்போய், "சரித்தா, நடுவுல ஒரு ஆளு எடம் விட்டு, இங்கன பாதி அங்கன பாதி நில்லுங்க," என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, நின்றுவிட்டார்கள். இவ்வளவு சுளுவாக எப்படிப் பிரிந்து நின்றார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஒருத்தி மட்டும் இடைவெளியின் ஓரத்தில் நின்றபடி, "மேட்டு, அந்தக் கோட்டுல வேணா நான் நிக்கிறேங்க. என்ன வந்துரப் போகுது?" என்றாள். அவள் கீழத்தெருக்காரி. நான் மேலத்தெரு. பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். அப்போதெல்லாம் வாடி போடிதான். எனக்குக் கல்யாணம் ஆகி அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட பிறகு அவள் வாங்க போங்க என்று மாற்றிக்கொண்டாள். நானும் அது வயதுக்குக் கிடைக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"வேணாம் வேணாம்," என்றார் என் நாத்தனார் அவசரமாக. "அவுகவுக நின்ன எடத்துலயே நிக்கட்டும்."

இப்படியே ஒரு வாரம் போனது. ஒரு கோடு மூன்று கோடானது. பச்சைக்குப் பக்கத்தில் ரோஸ் ஒன்று, வெள்ளை ஒன்று. ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் கழற்றுகிற தம்பியிடம் காட்டினேன். நான் வேறு திரை போட்டுத் தருகிறேன், ஆனால் நான் கழற்றினால் அப்புறம் கம்பெனிக்காரன் தொடமாட்டான் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டான். ராமநாதபுரத்துக்குத் தினம் ஒரு போன் போட்டேன். "அனுப்பியிருக்கோம் மேடம்," என்று தினம் ஒரே பதில். திரை இன்னும் எத்தனை நாள் தாங்குமோ என்று ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பேன்.

அடுத்த புதன்கிழமை ஒன்றிய ஆபீசிலிருந்து ஓவர்சியர் பைக்கில் வந்தார். இளவயது. கண்ணியமாகப் பேசுகிறவர். வாய்க்காலை அளந்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, உங்க ஊர்ல எதுவும் பிரச்சனையா?"

"ஒரு பிரச்சனையும் இல்லையே சார்."

"படத்துல ரெண்டு கூட்டமா நிக்கிறீங்க. நடுவுல எடம் விட்டு. மேல பாத்துட்டுக் கேக்குறாங்க. ஆளுகளப் பிரிச்சு நிறுத்துறதா இருந்தா அது பெரிய தப்புக்கா. மொதல்ல மேட்டத்தான் எடுப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. போனை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். கோட்டைக் காட்டினேன், அப்டேட்டைச் சொன்னேன், வாரன்டி முடிந்த பத்தொன்பது நாளைச் சொன்னேன், பச்சை மை கதையைச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சிரித்து முடித்துத் தன் போனில் எதையோ தேடினார். ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது போன மாசம் எடுத்ததுக்கா. அப்ப உங்க போன்ல கோடு இருந்துச்சா?"

நான் எடுத்த படம். போன் நன்றாக இருந்த காலத்தில் எடுத்த படம். இந்தப் பக்கம் என் தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம். அந்த இடத்தின் வழியாக வாய்க்கால் கரையும் ஒரு சீமைக்கருவை மரமும் தெளிவாகத் தெரிந்தன. அதற்கு முந்தின படத்தைக் காட்டினார். அதிலும் கருவை தெரிந்தது. நான் மேட் ஆன முதல் நாள் படத்திலும் தெரிந்தது.

அவர் போனை வாங்கி மூன்று படத்தையும் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். மாதக்கணக்கில் தினம் இரண்டு தடவை அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அது என் கண்ணில் படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, நன்றாகவே வெட்கமாக இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் முன்னால் நின்றதே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை மேலருந்து படத்தப் பாக்குறாங்க," என்றார் ஓவர்சியர். "அன்னைக்கும் இப்புடி இருந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுக்கா."

சாயந்தரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோபம் வருமென்று பார்த்தால் அவர் அசராமல், "இப்பத்தான் தெரியுதாக்கும்? நீங்க கஞ்சி குடிக்கிற எடத்துல ரெண்டு மரம் இருக்கே, அது எதுக்குன்னு நெனச்ச?" என்றார். தெருவுக்கு ஒரு மரம் என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டி, இனி சேர்ந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். சேர்ந்து நிற்கத்தான் செய்தார்கள். நான் நாலு அடி பின்னால் வந்து போனைத் தூக்குவதற்குள் கருவை தெரிந்தது. மறுபடி போய் நிறுத்தினேன். மறுபடியும் தெரிந்தது. யாரும் வேண்டுமென்று நகர்ந்ததாகவும் தெரியவில்லை. கால் தானாக நகர்கிறது. கத்தினேன். என் நாத்தனார் ரொம்ப நியாயமாக, "கோடு இருக்குல்ல, அதான் பயப்புடுறாளுக," என்றார். அந்தக் கோட்டின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. போகிற இடத்தில் எல்லாம் அது ஒரு சாக்காகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்து போனை எடுத்தால் திரை கறுப்பு.

முழுக்கக் கறுப்பு இல்லை. அடியில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் உயிர் இருந்தது. மேலே எல்லாம் அமாவாசை. அழுகையும் வந்தது, ஆங்காரமும் வந்தது. இன்றைக்கு என்று பார்த்தா சாக வேண்டும் என்று அதை ஏசினேன். அந்த நான்கு விரல் இடத்தில் தடவித் தடவி ஆப்பைத் திறந்துவிட்டேன். பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு பெயராக மேலே தள்ளி, அந்த இடத்துக்கு வந்ததும் டிக் போட்டேன். படம் எடுக்கிற பட்டன் நல்ல வேளையாக அடியில்தான் இருந்தது. ஆனால் படத்தில் யார் இருக்கிறார்கள், வானம் இருக்கிறதா மண் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது.

கரையில் நின்று சொன்னேன். "இந்தா பாருங்கத்தா. போனுக்குக் கண்ணு போச்சு. நான் குத்துமதிப்பாத்தான் எடுக்கப் போறேன். ஓரத்துல நிக்கிறவ படத்துல விழுந்தாலும் விழுவா, விழுகாமலும் போவா. விழுகலைன்னா ஆப்சென்ட். அப்பறம் வந்து என்னயக் கேக்கக் கூடாது."

பிறகு நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அத்தனை பேரும் நடுவுக்குப் பாய்ந்தார்கள். நேற்று வரைக்கும் நடு என்றால் மிரண்டவர்கள், இன்றைக்கு நடுவில் நிற்கச் சண்டை போட்டார்கள். ஓரத்தில் அகப்பட்டவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மம்பட்டிக் காம்பு ஒருத்தியின் கொண்டையில் மாட்டியது. மண்சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நுழைந்தாள். "ஏ, தள்ளாத, என் காலு," என்று ஒரு சத்தம். "நீ குனி, நான் ஒன் தோளுக்கு மேல பாக்குறேன்," என்று இன்னொரு சத்தம். யார் எந்தத் தெரு என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. என் நாத்தனார் கரைச் சரிவில் வழுக்கப் பார்த்தார். பக்கத்தில் கிடைத்த இடுப்பைச் சட்டென்று கட்டிக்கொண்டார். அது என் பள்ளிக்கூடத்துத் தோழியின் இடுப்பு. கட்டின கையை எடுக்கவும் இடம் இல்லை, எடுத்தால் வாய்க்காலில் விழ வேண்டியதுதான். கட்டியபடியே நின்றார்.

போனைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துக் குறி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அடியில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பத்தாறு பேரும் அசையாமல் நின்றார்கள். பிறகு அந்த நான்கு விரல் இடத்தில் ஏறிவிட்டது என்று ஒரு பச்சை டிக் விழுந்தது.

"ஏறிருச்சு," என்றேன்.

கூட்டம் சிரித்துக்கொண்டே பிரிந்தது. அந்தப் பச்சையைப் பற்றி யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மத்தியானப் படமும் அப்படியேதான் எடுத்தேன். சாயந்தரம் ஓவர்சியர் போன் செய்தார். பேரைப் பார்க்க முடியாமல், குத்துமதிப்பாகத் தடவித்தான் எடுத்தேன்.

"அக்கா, படத்தப் பாத்தேன். மேலயும் பாத்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல." பிறகு கேட்டார்: "இன்னைக்கு எப்புடிக்கா?"

"கண்ண மூடிக்கிட்டு எடுத்தேன் சார்," என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

மறு வாரம் முழுக்க அப்படியே எடுத்து ஓட்டினேன். அந்தச் சனிக்கிழமை, வேலை இல்லாத நாள், சர்வீஸ் சென்டர் பெண்ணே என்னைக் கூப்பிட்டாள். குரலில் அவளுக்கும் சந்தோஷம். அந்த மாடல் வாங்கி, கோடு விழுந்து, கீறல் இல்லாமல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு தடவை மட்டும் இலவசமாகத் திரை மாற்றித் தரச் சொல்லிவிட்டார்களாம். "உங்க லெட்டர நானே ஸ்கேன் பண்ணி அனுப்புனேன் மேடம். ரெண்டு தடவை அனுப்புனேன்," என்றாள். நான் ஊறவைத்த அரிசியை அப்படியே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். ராமநாதபுரத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பரவாயில்லை. கையில் வந்தபோது திரை கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். ஏசிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் இந்தத் தடவையும் பார்த்தார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் முதல் காரியமாக அந்த வெள்ளிக்கிழமைப் படத்தைத் திறந்து பார்த்தேன். கோணலாக விழுந்திருந்தது. இரண்டு பேருக்குப் பாதித் தலைதான். மூலையில் என் கட்டைவிரல். நடுவில் என் நாத்தனார், கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் தோழியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு. தோழி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கிறபோது அப்படித்தான் சிரிப்பாள். எந்தப் பக்கம் உற்றுப் பார்த்தாலும் கருவை தெரியவில்லை. வேறு ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. நான் தலையைத் தூக்கவில்லை. திங்கட்கிழமை அவர்கள் இந்தத் திரையைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

"என்ன மேட்டு, கம்பெனிக்காரன் மாத்திக் குடுத்தானா?"

"எங்க குடுத்தான். கைய விரிச்சுட்டான்," என்றேன்.

"நாசமாப் போவாய்ங்க," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அந்தக் கம்பெனியை நினைத்து எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "ஓரத்துல நின்னா விழுக மாட்டீக," என்று மட்டும் சொன்னேன். நெருங்கி நின்றார்கள். படம் எடுத்ததும் திரையை அணைத்துப் பைக்குள் போட்டேன். யாரும் எட்டிப் பார்க்க வரவில்லை. கண் தெரியாத போனில் பார்க்க என்ன இருக்கிறது?

இப்படியே இரண்டு வாரம் ஓட்டினேன். பொய் சொல்லத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது, அதுவும் போனது. எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். கஞ்சி குடிக்க இன்னும் இரண்டு மரம்தான். அதைப் படம் எடுக்கச் சொல்லி ஆப்பில் இல்லை. படத்துக்கு நிற்கிற அந்த இரண்டு நிமிடம் மட்டும் முப்பத்தாறு பேரும் ஒரே இடத்தில் மூச்சு விட்டார்கள்.

மூன்றாவது திங்கட்கிழமை என் தோழி வேலைக்குப் பிந்தி வந்தாள். ரேஷன் கடையில் நின்றுவிட்டு, எனக்குப் பின்னால் இருக்கிற ஒற்றையடிப் பாதை வழியாக வந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. மற்றவர்களை நிறுத்திவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். தோளுக்குப் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால் அவள். என் கையில் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து முகமும் மூக்கும் முழியுமாக அதில் தெரிந்தன.

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எத்தன நாளாடி?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ரெண்டு வாரமா," என்றேன்.

அவள் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நடந்தாள். நேரே நடுவுக்குப் போனாள். என் நாத்தனாருக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் தோளைக் கொடுத்து நுழைந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இன்னும் நெருங்குங்கத்தா. மேட்டு போனுக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல."

நெருங்கினார்கள். நான் ஒன்றும் தெரியாதவள்போல போனைக் கொஞ்சம் கோணலாகத் தூக்கிப் பிடித்து, பட்டனை அழுத்தினேன்.